தொட்டி அண்ணாச்சி

தூத்துக்குடியில் மரத்தவளை வளர்க்கக் கிளம்பும் அண்ணாச்சியைத் தவளையை வைத்து அடையாளம் காண முடியாது. அது இன்னும் வந்திருக்காது. முதலில் வருவது தொட்டி. சோபாவுக்கும் டிவிக்கும் நடுவில் கிடக்கும் இடத்தை இஞ்ச் டேப்பால் அளந்து, அந்த அளவுக்குக் கண்ணாடி வெட்டச் சொல்வார்: நாலடி நீளம், ஓரடி உயரம். கன்டெய்னரை 20 அடி, 40 அடி என்று நீளத்தாலேயே பேசிப் பழகிய துறைமுக ஊரில் இந்தக் கணக்கு யாருக்கும் தப்பாகப் படாது. ஆனால் மரத்தவளையின் விரல் நுனியில் ஒட்டுத் திண்டு இருப்பது ஏறுவதற்கு. ஒன்றரை அடி அகலம், இரண்டடி உயரம், குறுக்கே நாலு குச்சி, அகன்ற இலைச் செடி ஒன்று போதும் என்றால் அண்ணாச்சியின் முகம் வாடிவிடும். தவளையின் பெயரைச் சொல்லி அவர் விருந்தாளிக்குத்தான் தொட்டி கட்டுகிறார் என்பது என் கட்சி.

மூடியைப் பாருங்கள். ஈரம் போய்விடுமே என்று இண்டு இடுக்கு விடாமல் சிலிக்கோன் பூசி அடைப்பார். ஈரம் நிற்கும்தான், கூடவே பூஞ்சையும் பிடிக்கும். காற்று வேண்டும் என்று யாராவது சொன்னால் இரும்பு வலை போடுவார். உப்புக்காற்றில் இரும்பு என்ன ஆகும் என்று உப்பளத்து ஊர்க்காரருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனாலும் நைலான் வலை 'பார்வையா இல்லை'யாம். தண்ணீர் விஷயம் இன்னும் மோசம். தவளை வாயால் குடிப்பதில்லை, தோலால் உறிஞ்சுகிறது. வல்லநாட்டிலிருந்து குழாயில் வரும் தாமிரபரணித் தண்ணீரின் குளோரினைப் போக்காமல் ஊற்றினால் ஆபத்து. உப்புக்கரிக்கும் போர் தண்ணீரும் ஆகாது. அண்ணாச்சி இதற்கெல்லாம் மெனக்கெடுவதில்லை, குளோரின் கண்ணுக்குத் தெரியாதே. மோட்டார் வைத்த அருவி தெரியும். நீல விளக்கு தெரியும். இருட்டில் இரை தேடும் பிராணிக்கு விடிய விடிய அந்த விளக்கு எரியும்.

அக்கறை இல்லாதவரா இவ்வளவு செலவழிப்பார் என்று கேட்கலாம். அக்கறை உண்டு, அது கண்ணாடிக்கு வெளியே நிற்கிறது. அழகாக இருந்தால் தவளைக்கு என்ன நஷ்டம் என்றும் கேட்கலாம். செடி அடர்ந்த தொட்டி இருவருக்குமே நல்லது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பகலில் இலைக்கடியில் தூங்கும் தவளை விருந்தாளிக்குத் தெரியவில்லை என்பதற்காக அந்தச் செடியையே பிடுங்குகிறவரை என்ன சொல்வது? அவருடைய கடைசி அஸ்திரம் ஊர்ப்பெருமை: "முத்தையே வளத்த ஊரு, தவளை வளராதா?" வளர்த்தது உண்மை. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 1973-இல் இங்கேதான் முத்து விளைவித்தது. ஆனால் அதற்காக யாரும் சிப்பியை வரவேற்பறைக்குக் கொண்டுவரவில்லை. கூண்டில் அடைத்து, வேப்பலோடைக் கடலில் மிதவையில் கட்டித் தொங்கவிட்டார்கள். கூண்டில் படியும் பாசியையும் கொட்டலசையும் ஓயாமல் சுரண்டினார்கள். கூண்டின் அமைப்பைச் சிப்பியே தீர்மானித்தது.

இத்தனைக்கும் முன்மாதிரி வீட்டிலேயே இருக்கிறது. தேரை என்று நாம் விரட்டும் பழுப்பு நிற நாட்டு மரத்தவளை, கோடையில் குளியலறையைத் தானே தேர்ந்தெடுத்துக் குடியேறுகிறது. ஏற நெட்டுச்சுவர், வாளிக்குப் பின்னால் ஈரம், வென்டிலேட்டர் வழியே காற்று, பல்புக்கு வரும் பூச்சி: கடைக்காரர் பட்டியல் போட்டு விற்பதெல்லாம் அங்கே இனாம். உடம்பில் சுரப்பதைக் கைகாலால் தேய்த்துப் பூசிக்கொண்டு நீரிழப்பையும் அது குறைத்துக்கொள்ளும். வறண்ட மேற்குக் காற்றைச் சமாளிக்க அண்ணாச்சியின் ஈரப்பத மீட்டரைவிட அது மேல். "ஏல, அந்தத் தேரையத் தூக்கி வெளிய போடு" என்று மகனிடம் விளக்குமாற்றைக் கொடுத்துவிட்டு, அருவி மோட்டார் வந்துவிட்டதா என்று கடைக்குப் போன் போடுவார்.