பீம் தெரியும், பிம் தெரியாது

வா தம்பி, உக்காரு. பசியாறியாச்சா? சைட் எஞ்சினியர் தானா தேடி வந்து இந்த ஒட்டுக்கடையில எனக்கு தே தாரிக் வாங்கித் தர்றான்னா, சைட்டுல ஏதோ ஒண்ணு இன்னொண்ணை இடிச்சுக்கிட்டு நிக்குதுன்னு அர்த்தம்.

பிம், பிம்முங்கிறீங்க. கட்டடத்தை முதல்ல கம்ப்யூட்டர்ல முழுசாக் கட்டிப் பார்த்துட்டு, அப்புறமா மண்ணுல கட்டுறதாம். கம்பி கட்டின எனக்குத் தெரிஞ்சது பீம்தான். ஒரு சுழி குறைஞ்சதுக்கா இவ்வளவு சம்பளம்?

அரசாங்கத்தைக் குறை சொல்ல மாட்டேன். பொதுப்பணித் துறை, அதான் நம்ம ஜேகேஆர், 2007-லயே இதைக் கையில எடுத்துச்சு. புத்ராஜெயா புற்றுநோய் மருத்துவமனையில செஞ்சும் பார்த்துச்சு. பிறகு 100 மில்லியன் வெள்ளிக்கு மேல போற அரசாங்க வேலைக்கெல்லாம் பிம் வேணும்னாங்க. நம்ம தவுக்கேமாருக்கு அன்னைக்கே மனசு லேசாயிடுச்சு: "என் வேலை 99 மில்லியன்தானே!" சிங்கப்பூர்க்காரன் 2015-லயே 5,000 சதுர மீட்டருக்கு மேல புதுசாக் கட்டினா மாடலாத்தான் அனுப்பணும்னுட்டான். அவனுக்கு நம்ம சாமர்த்தியம் கிடையாது.

அதனால நான் சொல்ற மாதிரி செய். விலை கூடின மென்பொருளா வாங்கி வருசா வருசம் பணம் கட்டு. அதை ஓட்ட ஒரு பொடியனைப் பிடிச்சு மூலையில உக்கார வை. ஆர்க்கிடெக்ட் ஒரு பக்கம், ஸ்ட்ரக்சர் ஒரு பக்கம், ஏர்கோன்காரன் ஒரு பக்கம்னு பழையபடி படம் போட்டு முடிக்கட்டும். அதைப் பார்த்துப் பொடியன் கலர் கலராச் சுத்தவிடட்டும். கல்யாணம் முடிஞ்சப்புறம் பொருத்தம் பார்க்கிற மாதிரி. குழாய் பீமுக்குள்ள பூருதுன்னு சிவப்பாக் காட்டுச்சுன்னா பதறாதே, கலரை மாத்திடு.

எங்க காலத்துலயும் இடிக்கிறதைக் கண்டுபிடிக்க ஆள் இருந்தான். கான்கிரீட் இறுகினப்புறம் ஹேக்கிங் மிஷினோட வருவான். ஒரு சைட்டுல ஏர்கோன் குழாய்க்கு வழி இல்லைன்னு ஒரு பீமையே கொத்தச் சொன்னாங்க. முட்டுக் கொடுத்து, கொத்தி, மறுபடி கம்பி கட்டி... காசு யாரு கொடுக்கிறதுன்னு சண்டை வந்தப்போ அஞ்சு பேரு அஞ்சு தாளை விரிச்சாங்க. அஞ்சும் சரியான படம்தான், தேதிதான் வேற வேற. அன்னைக்கு எல்லாருக்கும் ஒரே படம் இருந்திருந்தா எனக்கு ஓவர்டைம் கிடைச்சிருக்காது.

இன்னொண்ணு. மாடலை மண்டோர் கண்ணுல மட்டும் காட்டிடாதே. "பலகையை எந்த வழியா வெளிய எடுக்கிறது? கிரேன் திரும்ப இடம் எங்க?"ன்னு கேட்டுத் தொலைப்பான். முப்பது வருசமா அவனை யாரும் எதுவும் கேட்டதில்லை. இப்ப ஆரம்பிச்சா நிறுத்த மாட்டான்.

எங்க, திருப்பு அந்தத் திரையை. அடேயப்பா, கதவுக் கைப்பிடி வரைக்கும் போட்டிருக்கே. ஆமா, சுங்கை பினாங் ஆறு எங்க? லோங்காங் எங்க? காட்டலையா? சரி, கரண்டு ரூம் எந்த மட்டத்துல இருக்கு?

2017 நவம்பர் 4 ராத்திரி தண்ணி வந்தப்போ நாற்காலியெல்லாம் இந்த மேசை மேலதான் ஏறி இருந்துச்சு. கடைக்காரரு தூண்ல கோடு போட்டு வச்சிருக்காரு, போய் அளந்துட்டு வா. வர்ற வழியில எனக்கு இன்னொரு தே தாரிக் சொல்லு, சீனி குறைச்சு.