ஐந்து நாடுகளின் பயிற்சியாளர்

கேள்வி: ஒரே பயிற்சியாளர் ஐந்து நாடுகளைக் கால்பந்து உலகக் கோப்பைக்கு அழைத்துப் போனாராமே, உண்மையா?

பதில்: உண்மைதான். செர்பியாவில் 1944இல் பிறந்த போரா மிலுட்டினோவிச்தான் அவர். 1986இல் மெக்சிகோ, 1990இல் கோஸ்டா ரிக்கா, 1994இல் அமெரிக்கா, 1998இல் நைஜீரியா, 2002இல் சீனா. தொடர்ந்து ஐந்து உலகக் கோப்பைகள். ஒவ்வொரு முறையும் வேறு அணி. முதல் நான்கும் முதல் சுற்றைத் தாண்டின. மெக்சிகோ காலிறுதி வரை போய், மேற்கு ஜெர்மனியிடம் பெனால்டி ஷூட்-அவுட்டில் தோற்றது.

அவருடைய திறமைக்குச் சரியான சாட்சி கோஸ்டா ரிக்காதான். உலகக் கோப்பைக்கே புதிய அணி அது. அவர் பொறுப்பேற்றதோ போட்டிக்குச் சில மாதங்கள் முன்பு. ஸ்காட்லாந்தை 1-0 என வென்றது. அடுத்து டூரின் நகரில் பிரேசிலுடன் ஆட்டம். கோஸ்டா ரிக்கா வீரர்கள் கருப்பு வெள்ளைக் கோடு போட்ட சட்டையில் இறங்கினார்கள். அந்த ஊர் யுவென்டஸ் கிளப்பின் நிறம் அது! உள்ளூர் ரசிகர்களுக்குப் பிடிக்காமல் போகுமா? பிரேசிலால் ஒரு கோலுக்கு மேல் போட முடியவில்லை. பிறகு ஸ்வீடனையும் 2-1 என வீழ்த்தி கோஸ்டா ரிக்கா அடுத்த சுற்றுக்குப் போனது.

2002இல் சீனா மூன்று ஆட்டங்களிலும் தோற்றது, ஒரு கோல்கூடப் போடவில்லை. ஆனாலும் சீன ஆண்கள் அணி இன்றுவரை ஆடிய ஒரே உலகக் கோப்பை அதுதான்.