கட்டமில்லாக் கருணை

அமெரிக்கப் பாட்டிமார் பாவம். வளர்க்கும் பேரப்பிள்ளையைத் தங்கிவாழ்வோராகக் காட்டி வரிச்சலுகை பெற, படிவம், சான்று, அலைச்சல்! நமது இலங்கை வருமான வரிச் சட்டம் அந்தத் தொல்லையையே தருவதில்லை. பேரப்பிள்ளைக்கு அதில் இடமே இல்லை.

பசறைப் பக்கத்துத் தோட்டத்து அம்மாயியைப் பாருங்கள். மகள் குவைத்தில். லயத்துக் காம்பராவில் பேரப்பிள்ளைகள் மூவர். 2025இல் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாய்; அந்த ஏப்ரலில் வரிவிலக்கு எல்லையோ ஆண்டுக்கு 18 லட்சமாக உயர்ந்தது. என்ன தாராளம்! வருடத்தில் ஒரு 1,334 நாள் கொழுந்து பறித்தால் போதும், அம்மாயியும் கோப்புத் திறந்து வரி கட்டும் பேறு பெறலாம். சோம்பேறித்தனம்தான் தடுக்கிறது போலும்.

அதுவரை சும்மா இருக்கிறாரா? பேரனைக் குளிப்பாட்டும் சவர்க்காரத்துக்கும், மகளோடு பேசப் போடும் ரீலோடுக்கும் 18 வீத வற் வரி கட்டுகிறார். அதற்குப் படிவம் தேவையில்லை.