பத்து வரிக்கு ஒரு பருவம்

கேள்வி: படமும் பத்து வரியும் கொண்ட குழந்தைப் புத்தகத்தைச் செய்து முடிக்க, ஒரு கல்லூரி மாணவருக்கு முழுப் பருவமும் தேவையா?

பதில்: பத்து வரியை எழுதுவதற்கு அன்று, தொண்ணூறு வரியை நீக்குவதற்கே அந்தப் பருவம் தேவைப்படுகிறது. அச்சுத்தாளை ஒவ்வொரு முறை மடிக்கும்போதும் பக்கங்கள் 4, 8, 16 என இரட்டிப்பதால், படப் புத்தகங்கள் பெரும்பாலும் 32 பக்கங்களில் அமைகின்றன. ஆகவே கதை எந்தப் பக்கத்தில் திரும்புகிறது என்பதை, ‘டம்மி’ எனப்படும், கையால் மடித்த மாதிரிப் புத்தகத்தில் பென்சிலால் வரைந்து பார்த்த பின்னரே மாணவர் வண்ணத்தைத் தொட வேண்டும். இப்படிக் காகிதத்தைக் கையாளும்போதே கதையும் பிறக்கலாம்: படப் புத்தகக் கலைஞர் எரிக் கார்ல் காகிதக் கட்டில் துளையிட்டபோது தோன்றிய எண்ணமே, 1969இல் பசித்த கம்பளிப்புழுவின் கதையாக வெளிவந்தது. மாதிரியைப் பேராசிரியரிடம் காட்டும் முன் ஐந்து வயதுக் குழந்தையின் கையில் கொடுப்பது நல்லது. மதிப்பெண் போடத் தெரியாத அந்தத் தேர்வாளர், பிடிக்காத பக்கத்தைத் தயங்காமல் தள்ளிவிடுவார்.