மஞ்சள் தண்ணீர்

? சத்து மாத்திரையிலேயே குரோமியம் இருக்கிறதே, ராணிப்பேட்டையில் மட்டும் அது எப்படி விஷமாகிறது?
(வாசகி, ஆற்காடு)

பெயர் ஒன்று, குணம் இரண்டு. மாத்திரையில் இருப்பதும் தோல் பதனிடப் பயன்படுவதும் மூன்று இணைதிறன் குரோமியம். மண்ணில் அது லேசில் கரையாது, துகளோடு ஒட்டிக்கொண்டு கிடக்கும். ராணிப்பேட்டையில் கசிவது ஆறு இணைதிறன் உள்ளது. அது நன்றாகக் கரையும், புற்றுநோயும் தரும். மண் துகளுக்கும் எதிர்மின் சுமை, இதற்கும் எதிர்மின் சுமை. அதனால் ஒட்டாமல் தண்ணீரோடு போய்க்கொண்டே இருக்கும்.

? ஆலையை மூடி எத்தனையோ வருஷம் ஆயிற்றே, இன்னுமா கசிகிறது?
(வாசகர், வாலாஜா)

கசிகிறது. ராணிப்பேட்டை சிப்காட் தொழிற்பேட்டையில் இருந்த தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ் ஆலை 1990-களின் நடுவில் மூடப்பட்டது. அது விட்டுப்போன கழிவு 1.5 லட்சம் டன்னுக்கு மேல். குரோமியத் தாதுவைச் சோடா உப்போடும் சுண்ணாம்போடும் சூளையில் வறுத்து, தண்ணீரில் கரைத்து, வேண்டியதை எடுத்துக்கொள்வார்கள். மிஞ்சிய சக்கையிலிருந்து ஆறாம் வகை, அதாவது ஆறு இணைதிறன் குரோமியம், முழுக்கப் போயிருக்காது. கட்டிகளுக்குள் அடைபட்டிருப்பது ஒவ்வொரு மழைக்கும் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வரும். மழை ஓய்ந்ததும் பள்ளத்தில் மஞ்சளாகத் தேங்கும். வெயிலில் காய்ந்தால் அதே மஞ்சள் மண்மேல் உப்புப் பூக்கும். கீழே இறங்கியது கிணற்றுக்கும் போர்வெல்லுக்கும் போகிறது, பாலாறும் பக்கத்தில்தான். சம்பாதித்தது ஆலை, தண்ணீரை இழந்தவர்கள் அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள். எனக்கு ஆறாத கோபம் இது.

? காய்ச்சிக் குடித்தால் போதாதா?
(வாசகி, ராணிப்பேட்டை)

போதாதம்மா. ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும்தான். குரோமியம் பாத்திரத்திலேயே தங்கி இன்னும் அடர்த்தியாகும். கண்ணையும் நம்பாதீர்கள். குடிநீரில் லிட்டருக்கு 0.05 மில்லிகிராம்தான் வரம்பு. மஞ்சள் தெரிகிறதென்றால் அதைப் பல மடங்கு தாண்டிவிட்டது என்று அர்த்தம். ஆர்.ஓ. பெரும்பகுதியைப் பிரித்துவிடும், ஆனால் அது ஒதுக்கித் தள்ளும் தண்ணீரைக் கீரைப் பாத்தியில் விடாதீர்கள்.

? கசடு கசிந்தால்தான் ஆபத்தா?
(வாசகர், ஆம்பூர்)

இல்லை. 2015 ஜனவரி 31-ஆம் தேதி பின்னிரவில், ராணிப்பேட்டை சிப்காட் பொதுக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் உடைந்தது. பக்கத்துத் தோல் தொழிற்சாலையில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள்மேல் கசடு பாய்ந்தது. பத்துப் பேர் இறந்தார்கள், பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள்.

? எவ்வளவு கசியும் என்று லேபில் எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?
(மாணவி, வேலூர்)

டிகாக்‌ஷன் இறக்குவதுபோலத்தான். ஒரு பங்கு கசடு, இருபது பங்கு லேசான அமிலத் தண்ணீர். சுமார் 18 மணி நேரம் சுழற்றி, வடிகட்டி, இறங்கியதை அளப்பார்கள். லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் குரோமியம் இறங்கினால் அபாயக் கழிவு. திறந்தவெளியில் பல வருஷ மழையில் நனையும் குவியலுக்கு இந்த ஒரு சோதனையை மட்டும் வைத்து நற்சான்று கொடுப்பதை நான் ஏற்கமாட்டேன்.

? மேலே மண்ணைக் கொட்டி மூடிவிட்டால்?
(வாசகர், காட்பாடி)

மண் மழையை உறிஞ்சும், தடுக்காது. அடியிலும் மேலும் களிமண், தடித்த பிளாஸ்டிக் விரிப்பு, ஊறி வருவதைப் பிடிக்கக் குழாய் எல்லாம் வேண்டும்.

? இந்தக் குவியலுக்கு மாற்று மருந்தே கிடையாதா?
(வாசகி, சோளிங்கர்)

உண்டு. நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் அன்னபேதிதான், அதாவது இரும்பு சல்பேட். ஆறாம் வகையை மூன்றாம் வகையாக மாற்றிவிடும். ஆனால் மேலே தூவினால் கட்டியின் உள்ளே போகாது. கட்டிகளை உடைத்து, பொடியாக்கி, ஈரத்தோடு கலக்க வேண்டும். அத்தனை டன்னையும்.