கிளியும் கிளிப்பும்: ஓர் ஆய்வு

காரின் டேஷ்போர்டு எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது என்ற கேள்வியைத் தமிழ் ஆய்வுலகம் இதுவரை தீண்டவில்லை. ஸ்க்ரூவை என்பர் மேலோட்டமாகப் பார்ப்போர். கிளிப்பை என்பது என் துணிபு. ஸ்க்ரூவைக் கழற்றலாம், மாட்டலாம். பேனலுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் விரல்நகம் அளவு வெள்ளைக் கிளிப்போ, ஒருமுறை ‘டப்’ என்றால் என்றதுதான்.

‘டேஷ்போர்டு’ குதிரை வண்டிக் காலத்துச் சொல். குளம்படியில் தெறிக்கும் சேறு ஓட்டுபவர்மேல் படாமலிருக்க முன்னால் அடித்த பலகை அது. இன்று சேறு போய், அங்கே பிள்ளையார் அமர்ந்துவிட்டார். போகட்டும். ஆனால் ‘கிளிப்’பை ஆங்கிலத்துக்கு விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாளின் இடக்கைக் கிளிக்கு மாதுளம்பூ அலகு, மரவள்ளி இலை உடம்பு, வாழைநார்க் கட்டு. அன்றன்று புதிதாகச் செய்வார்கள். நேற்றைய கிளி இன்றைக்கு ஆகாது. கழற்றிய கிளிப்பும் ஆகாது. இதைத் தற்செயல் என்போர் என்றுவிட்டுப் போகட்டும்.

கள ஆய்வு ராஜபாளையத்தில், ஒரு பட்டறையின் வேப்பமரத்தடியில் நடந்தது. ஆய்வுப் பொருள், பதினோரு வருஷம் வெயில் தின்ற என் கார். பிளாஸ்டிக்கை வளைந்துகொடுக்க வைக்கும் சரக்கு வெயிலில் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகிவிடுகிறது. முன்கண்ணாடியின் உட்புறம் படியும் பிசுக்கில் அதற்கும் பங்குண்டு. மிஞ்சுவது அப்பளம்.

கியரைச் சுற்றியிருந்த கன்சோலைத் தூக்கியதும் கீழடி தோற்றது. மேலடுக்கில் கப்பலூர் சுங்கச்சாவடிச் சீட்டு. ஃபாஸ்டேக் கட்டாயமான 2021-க்கு முந்தையது எனக் காலம் கணித்தேன். அடுத்த அடுக்கில் நாய் முடி. வெள்ளை, குட்டை, ஆகவே உள்ளூர் இனம். அடியில், தாளோடு கல்லாகிப்போன பால்கோவா. புவிசார் குறியீடு கிடைத்த 2019-க்கு முந்தையதா பிந்தையதா என்பதை நக்கிப் பார்த்தால்தான் சொல்ல முடியும். பார்க்கவில்லை.

“பழைய கிளிப்பையே வச்சு அமுக்கிருவோம் அண்ணாச்சி, நிக்கும்” என்றார் மெக்கானிக். ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரம் கண்ணில் படும்வரை நின்றது. அப்புறம் ‘கறக் கறக்’. பதினோரு நிலைக் கோபுரத்தைக் கும்பிடக் கையெடுத்தால் சத்தம் கூடியது. ஒரு கையால் பேனலை அமுக்கிக்கொண்டே கும்பிட்டேன். அங்கே உதிரிபாகக் கடையில் கிளிப் கேட்டேன். தனியாக வராதாம், முழுப் பேனலாகத்தான் வருமாம். கிளி வேண்டுமென்றால் ஆண்டாளையும் சேர்த்து வாங்கு என்கிற கதை.

திரும்பி வந்தேன். மெக்கானிக் சலிக்கவில்லை. பக்கத்துச் சத்திரப்பட்டியில் நெய்கிற ஆஸ்பத்திரிக் கட்டுத்துணியில் ஒரு சுருள் எடுத்தார். நாலாக மடித்து, பேனலுக்கும் உடம்புக்கும் இடையில் ஸ்க்ரூடிரைவர் நுனியால் திணித்தார். ஒரு குத்து விட்டார். சத்தமே இல்லை.

ஆக, பழையதைத் தூக்கிப்போட்டுப் புதிது செய்வது ஸ்ரீவில்லிபுத்தூர் மரபு. காயத்துக்குக் கட்டுப்போட்டு ஓட்டுவது ராஜபாளையம் மரபு. கூலியை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டே மெக்கானிக் சொன்னார்: “ரெண்டு வாரம் ஈரம் படாம பாத்துக்கோங்க அண்ணாச்சி.”