தட்டு கோணல், காற்றும் கோணல்

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் எம்போரியா என்றொரு சின்ன ஊர். மக்கள்தொகை சுமார் 24,000. அங்கே டிஸ்க் கோல்ஃப் ஆட வருகிறவருக்குக் கூடம் ஒன்று போதாது. காற்று, மரம், குளம், தட்டு என்று பழி போட ஒரு பட்டியலே தயாராக இருக்கிறது.

ஆட்டம் எளிதுதான். பந்துக்குப் பதில், ஃப்ரிஸ்பியைவிடச் சின்னதாய், விளிம்பு கூராய் ஒரு பிளாஸ்டிக் தட்டு. குழிக்குப் பதில், சங்கிலிகள் தொங்கும் இரும்புக் கூடை. தட்டு விழுந்த இடத்திலிருந்து மறுபடி வீச வேண்டும். குறைந்த வீச்சில் கூடையில் போடுபவர் கெட்டிக்காரர். பெரும்பாலும் ஊர்ப் பூங்காதான் மைதானம். பல ஊர்களில் கட்டணமும் கிடையாது.

எம்போரியா இந்த ஆட்டத்துக்குப் பேர்போன ஊர். 2016-லும் 2022-லும் உலக சாம்பியன்ஷிப் போட்டிகள் இங்கேதான் நடந்தன. ஆடும் இடங்களில் ஒன்று பீட்டர் பேன் பூங்கா. புகழ்பெற்ற பத்திரிகை ஆசிரியர் வில்லியம் ஆலன் வைட்டின் குடும்பம், மறைந்த மகள் மேரியின் நினைவாக ஊருக்குக் கொடுத்த நிலம் அது. பெரியவனாக மாட்டேன் என்று அடம்பிடித்த பையனின் பெயர் கொண்ட பூங்காவில், நரைத்த தலைகள் தட்டைத் தேடிப் புதருக்குள் குனிந்துகொண்டிருப்பது பொருத்தம்தான்.

புதிதாக வந்தவரின் முதல் வீச்சைப் பார்க்க வேண்டும். வலது கையை மார்புக்குக் குறுக்கே இழுத்து, மூச்சை அடக்கி, வீசுகிறார். தட்டு நேராகத்தான் போகிறது. கூடையை நெருங்கும் நேரத்தில், அடுப்பில் பாலை வைத்த ஞாபகம் வந்ததுபோல, சட்டென்று இடப்பக்கம் ஒதுங்கி மரத்தில் மோதுகிறது.

வலமாகச் சுழலும் தட்டு, வேகம் தளர்ந்ததும் இடப்பக்கம் சாயும். இதில் கையின் குற்றம் பாதி, இயற்பியல் பாதி. ஆனால் ஆட்டக்காரருக்குக் கிடைக்கும் சாக்கு முழுசு. பல தட்டுகளின் மேலேயே நான்கு எண்களை அச்சடித்து விற்கிறார்கள்: வேகம், மிதப்பு, வலப்பக்கத் திருப்பம், கடைசி நேரச் சாய்வு. "இதுக்குச் சாய்வு ஜாஸ்தி" என்று சொல்லிவிட்டு, பையிலிருந்து வேறு தட்டை எடுக்கலாம். அதுவும் ஒதுங்கினால் கடைக்குப் போய் இன்னொன்று வாங்கலாம். மைதானத்தில் மிச்சமான காசு அங்கே கரைந்துவிடும்.

மீதிக்குக் கான்சஸ் காற்று இருக்கிறது. எதிர்க்காற்றில் தட்டு மேலே எழும்பி, வலப்பக்கம் கவிழப் பார்க்கும். பின்காற்றில் சீக்கிரமே தரையில் உட்கார்ந்துவிடும். குளத்தில் விழுந்தாலோ, தட்டின் அடியில் எழுதிவைத்த பெயரையும் போன் நம்பரையும் மீன்தான் படிக்க வேண்டும்.

ஒரே ஒரு தகராறை மட்டும் எட் ஹெட்ரிக் என்பவர் தீர்த்துவைத்தார். 1975-இல் கலிஃபோர்னியாவின் ஓக் குரோவ் பூங்காவில் அவர் அமைத்த முதல் நிரந்தர மைதானத்தில் இலக்கு என்பது வெறும் கம்பம். பட்டதா, படவில்லையா என்று வாய்ச்சண்டை. சங்கிலிக் கூடையைக் கண்டுபிடித்து, 1977-இல் காப்புரிமையும் வாங்கினார். 2002-இல் அவர் இறந்த பிறகு, அவர் விருப்பப்படியே அஸ்தியைக் கலந்து தட்டுகள் வார்த்தார்கள். மரத்தில் மோதுவதை அவர் அதற்குப் பிறகும் விடுவதாயில்லை.

எப்போதாவது தட்டு சொன்னபடி கேட்பதும் உண்டு. 2021 உலக சாம்பியன்ஷிப், யூட்டாவின் ஆக்டன் நகரம். கடைசிக் கூடைக்குச் சுமார் 75 மீட்டர் தூரத்திலிருந்து ஜேம்ஸ் கான்ராட் வீசிய தட்டு நேரே சங்கிலிக்குள் விழுந்தது. போட்டியாளர் பால் மெக்பெத்தோடு சமன். பிறகு பட்டமும் கான்ராடுக்கே. எம்போரியாவின் புது ஆட்டக்காரருக்குப் பத்தடி தூரத்திலிருந்து விழுந்தாலும் அதே பெருமிதம். சங்கிலி 'சலங்' என்றதும் காற்றைப் பற்றியோ அந்த நான்கு எண்களைப் பற்றியோ பேச்சே கிடையாது. அது முழுக்க முழுக்கக் கைத்திறமை.